முக்கூடலில் நான் வைத்த ஐஸ்

நம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் அரை மணி நேரம் பேச முடியுமா என்று என்னிடம் கேட்டார்கள். பேச ஆரம்பித்தால் சாப்பாட்டு மணி அடித்தாலும் நிறுத்தமாட்டேன் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். சலிப்புத் தட்டினால் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளும் வசதியாவது உங்களுக்கு இருக்கட்டும்.

வெப்பத்தைத் தடுக்கும் பொருள்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஏரோஜெல் என்கிறீர்கள், வெற்றிடப் பலகை என்கிறீர்கள், விவசாயக் கழிவில் காளான் வளர்த்து அதைப் பலகையாக அழுத்துகிறோம் என்கிறீர்கள். என் காலத்தில் சுவரில் காளான் வந்தால் கூரை ஒழுகுகிறது என்று அர்த்தம். எந்தப் பொருள் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடும் என்பதற்கு அட்டவணை இருக்கிறது. அந்தக் கூரைக்குக் கீழே உட்காரப்போகிற மனிதர் என்ன செய்வார் என்பதற்கு எந்த அட்டவணையும் கிடையாது. அந்த விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலி அலுவலகம் என்றால் நானும் இசக்கியும்தான். நான் இஞ்சினியர். இசக்கி பலகை பொருத்துகிறவர், லாரியிலிருந்து சரக்கு இறக்குகிறவர், வாடிக்கையாளர் கோபமாக வந்தால் “அக்கா வெளியூர் போயிருக்காவ” என்று சொல்கிறவர். ஜங்ஷனில் ஒரு டயர் கடைக்கு மேலே எங்கள் அறை. கூரை வெறும் தகரம். வீட்டைக் குளுமையாக்கும் பொருள் இங்கே கிடைக்கும் என்று வாசலில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டு, உள்ளே நாங்கள் இருவரும் வியர்த்து ஒழுகிக்கொண்டிருப்போம். விசாரிக்க வருகிறவர்கள் முதலில் எங்களைப் பார்ப்பார்கள், பிறகு தகரத்தைப் பார்ப்பார்கள், பிறகு பைய இறங்கிப் போய்விடுவார்கள்.

முதலில் கிடைத்த பெரிய வேலை பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை. மாடியில் பட்டுப் புடவைப் பிரிவு. மத்தியானத்துக்கு மேல் அந்த வெக்கையில் ஒரு பெண்ணும் படி ஏறுவதில்லை. பொய்க்கூரைக்கு மேலே கண்ணாடிப் பஞ்சு விரித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். கண்ணாடியை உருக்கி நூலாக இழுத்து மெத்தை போலச் சுருட்டி வருவது அது. பார்க்க இலவம்பஞ்சைவிட மென்மையாக இருக்கும். வெறும் தோலில் பட்டால் அரிப்புப் பிடுங்கி எடுத்துவிடும்.

சுருள்கள் வந்து இறங்கிய காலையில் முதலாளி அண்ணாச்சி நேரில் வந்தார். வெப்பம் எந்த எந்த வழியாகப் பயணம் செய்கிறது என்று நான் அவருக்குப் பாடம் நடத்தத் தொடங்கினேன். அவர் நாற்பது வருஷமாகத் துணி விற்கிறவர். என் பாடத்துக்குத் தலையாட்டிக்கொண்டே ஒரு சுருளின் உறையைப் பிரித்தார். இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தார். முழங்கையின் உள்பக்கத்தில் தேய்த்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் ஒத்திக்கொண்டார்.

“நல்ல நயமா இருக்கும்மா,” என்றார்.

அன்று மாலை அவருடைய மூத்த மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. வந்தவர்கள் பெண்ணைப் பார்த்ததைவிட அப்பாவைப் பார்த்ததுதான் அதிகமாம். வணக்கம் சொல்லும்போது சொறிந்தார், காபித் தம்ளரை நீட்டும்போது சொறிந்தார், ஜாதகத்தை வாங்கி அதனாலேயே சொறிந்தார். குடும்பத்தில் தோல் வியாதி ஏதும் உண்டா என்று மறுநாள் தரகர் மூலம் கேட்டுவிட்டார்கள். கல்யாணம் பிற்பாடு நல்லபடியாக நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எங்கள் சுருள்கள் அத்தனையும் டயர் கடை வாசலுக்கே திரும்பி வந்துவிட்டன.

எந்தப் பொருளைக் கொண்டுபோனாலும் அது தொடுகிறவர் கையை என்ன செய்யும் என்பதை முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள். வெப்பத்தின் பயணத்தை இரண்டாவது வாக்கியத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மதுரையிலிருந்த எங்கள் மேலாளர் போனில் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “முக்கூடல் பள்ளிக்கூட வேலையும் கைய விட்டுப் போச்சுன்னா, திருநெல்வேலி ஆபீஸை மூடிடலாம். நீங்க இங்க வந்து ஃபைல் பாருங்க. இசக்கிக்கு வேற எங்கயாவது சொல்லிப் பார்க்கலாம்,” என்றார். ‘சொல்லிப் பார்க்கலாம்’ என்றால் என்ன என்பது எனக்கும் தெரியும், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இசக்கிக்கும் தெரியும். அவருக்கு அப்போதுதான் இரண்டாவது பெண் குழந்தை பிறந்திருந்தது.

முக்கூடலுக்கு வெளியே, ஆற்றுக்குப் போகிற பாதையில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். பழைய வகுப்பறைகளுக்கெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பங்குனி பிறந்தால் தினமும் ஒரு பிள்ளை மயங்கி விழும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் பள்ளியின் தாளாளர் கான்கிரீட் கூரையோடு எட்டு வகுப்பறைகள் கட்டியிருந்தார். கான்கிரீட்டும் சும்மா விட்டால் சாயங்காலம் வரை கொதிக்கும் என்பதால் அதன்மேல் என்ன போடுவது என்பதுதான் கேள்வி.

தாளாளர் ஒரு காலத்தில் ஆற்றங்கரையில் ஏகப்பட்ட வயல் வைத்திருந்த சைவக் குடும்பம். வெங்காயம்கூட வெள்ளிக்கிழமை சேர்க்கமாட்டார். கட்டட விஷயம் முழுவதையும் தன் மனைவியின் தம்பியிடம் விட்டிருந்தார். அந்தத் தம்பி அரசு வேலையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்நேரமும் சட்டைப்பையில் மடக்கு அளவுகோல் இருக்கும்.

நான் கொண்டுபோனது நுரைப்பலகை. தெர்மாகோலுக்குப் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நிறம், அதைவிடக் கெட்டி, அதைவிட நன்றாக வெப்பத்தைத் தடுக்கும். ஓவர்சியர் அதைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினார். குழி விழுந்தது.

“செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, மேல தட்டோடு. காலங்காலமா அதாம்மா. இது என்னது, கேக்கு மாதிரி இருக்கு?” தட்டோடு என்பது மாடித் தரையில் பதிக்கிற தட்டையான சுட்ட ஓடு.

தாளாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “மாப்ள சொல்லுதது எனக்குப் புரியுது. நீங்க சொல்லுதது புரியல. புரியலங்கிறதுனாலயே ஒருவேள உசத்தியா இருக்குமோன்னும் தோணுது. கண்ணால காட்டிருங்க.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “ஐஸ் வச்சுக் காட்டுதேன் அண்ணாச்சி,” என்று சொல்லிவிட்டேன்.

மைதானத்தின் ஓரத்தில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு சாமான் அறைகள் இருந்தன. ஒன்றின் கூரையிலும் சுவர்களிலும் எங்கள் பலகையைப் பொருத்துவது. மற்றதை வெறுமனே விடுவது. இரண்டிலும் ஒரே அளவு ஐஸ் கட்டியைக் காலையில் வைத்துக் கதவைச் சாத்துவது. மாலையில் திறந்து எது மிச்சம் என்று பார்ப்பது. பலகை பொருத்த இசக்கிக்கு நான்கு நாள் ஆனது. அதற்குள் தாளாளர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள், பந்தல் போட்டு, மைக் கட்டி, பெற்றோர்களை வரச் சொல்லி, ஒரு நன்னாரி சர்பத் வண்டிகூட வந்து நின்றுவிட்டது.

ஐஸ் மட்டும் வரவில்லை. சொல்லிவைத்திருந்த ஐஸ் கம்பெனியில் மோட்டார் எரிந்துபோயிற்றாம். இசக்கி சந்தைப் பக்கம் ஓடினார். அரை மணி நேரத்தில் ஒரு மீன் டெம்போவில் தொங்கிக்கொண்டு வந்தார். முன் சீட்டில் ரோசம்மாள் உட்கார்ந்திருந்தார். குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரர். அதிகாலையில் மீன் ஏற்றி எங்கள் பக்கத்துச் சந்தைகளுக்கெல்லாம் கொண்டுவந்து விற்கிறவர். வண்டியில் இரண்டு முழு ஐஸ் கட்டிகள் மிச்சம் இருந்தன.

தாளாளர் முகம் கறுத்தது. “பள்ளிக்கூடத்துக்குள்ள மீன் வண்டியா?”

“இது மீனத் தொடாத ஐஸு அண்ணாச்சி. பொறத்தால தனியா வச்சிருக்கேன். வேணும்னா மோந்து பாருங்க,” என்றார் ரோசம்மாள்.

“நான் எதுக்கு மோந்து பாக்கணும்?”

ஓவர்சியர் குனிந்து முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். “வாடை இல்ல அத்தான்,” என்றார். அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு பூனை வந்து ஐஸ் கட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. கடைசியில் தாமிரபரணித் தண்ணீர் இரண்டு குடம் கொண்டுவரச் சொல்லி, தாளாளர் முன்னிலையில் ஐஸ் கட்டிகளைக் குளிப்பாட்டினோம். போட்டி தொடங்குமுன்பே இரண்டும் ஒரு விரற்கடை இளைத்துவிட்டன.

பலகை பொருத்திய என் அறையில் ஐஸ் வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்குள் மைக்கில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதால், வெறும் அறைக்குக் கொண்டுபோவதை ரோசம்மாளிடமே விட்டுவிட்டுப் பேசப் போய்விட்டேன். நான் பேசி முடிப்பதற்குள் இரண்டு அறைகளும் பூட்டப்பட்டன. வெறும் அறையின் சாவி ஓவர்சியரிடம். என் அறையின் சாவி இசக்கியிடம். ரோசம்மாள் மிச்ச மீனை விற்க வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மணி வாக்கில் ஓவர்சியர் வந்தார். “உள்ள ஐஸ் பெட்டி கிட்டி ஒளிச்சு வச்சிருக்கியளோ என்னமோ. ஒரு தடவ தொறந்து காட்டுங்க.”

எனக்குக் கர்வம். “தாராளமாப் பாருங்க,” என்றேன். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து வந்த குளுமை அவர் முகத்தில் பட்டது. மனிதர் கழுத்தை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். பின்னால் எட்டிப் பார்த்த தாளாளர் துண்டால் விசிறுவதை நிறுத்தினார். ஐஸ் கட்டி கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. வெற்றி என் பைக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன். மறுபடி பூட்டச் சொல்லிவிட்டு, மதுரைக்கு போன் போட பஜாருக்குப் போனேன். எஸ்.டி.டி. பூத்தில் வரிசை. என் முறை வந்ததும் மேலாளரிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் முதல் முறையாக “வெரி குட்” என்றார். அந்த வெரி குட்டைக் கொண்டாட ஓட்டலில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன். இரண்டாம் முறை ரசம்கூட வாங்கினேன். நான் செய்த தவறுகளிலேயே அந்த இரண்டாவது ரசத்தைத்தான் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தால் பந்தலில் ஒரு ஆள் இல்லை. மைக் மட்டும் தனியாக நின்று உறுமிக்கொண்டிருந்தது. சர்பத் வண்டி இருந்தது, சர்பத்காரரைக் காணோம். என் அறை வாசலில் இசக்கி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எங்க எல்லாரும்?”

“உள்ள இருக்காவக்கா.”

கதவைத் திறந்தேன். அந்தச் சின்ன அறைக்குள் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். நடுவில் நாற்காலி போட்டுத் தாளாளர். அவரைச் சுற்றித் தரையில் பெற்றோர்கள். மூலையில் ஓவர்சியர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஐஸ் கட்டியை நோக்கிக் காலை நீட்டியிருந்தார். சர்பத்காரர் பாட்டில்களையே உள்ளே கொண்டுவந்துவிட்டார். கையில் ஒரு கூரான ஆணியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் ஐஸ் கட்டியிலிருந்து கொத்திக் கொத்திப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டியின் மிச்சத்தில் யாரோ தலைத்துண்டை நனைய வைத்திருந்தார்கள்.

“ஏன் இசக்கி, எல்லாரையும் உள்ள விட்டீரு?”

“தாளாளர் அண்ணாச்சிதாங்க்கா, ‘ஒரு நிமிசம் இருந்துட்டு வந்துருதேன்’னு மொதல்ல போனாவ. ஒரு நிமிசம்னு போனவிய ஒருத்தரும் திரும்பி வரல.”

தாளாளர் என்னைப் பார்த்ததும் மலர்ந்தார். “வாங்கம்மா, வாங்க. அங்கன கதவச் சாத்திட்டு வாங்க, குளுமை வெளிய போயிரும்லா.”

நான்கு மணிக்கு எல்லாரையும் கெஞ்சி வெளியே கொண்டுவந்தோம். மடக்கு அளவுகோலோடு ஓவர்சியர் முதலில் என் ஐஸை அளந்தார். டிபன் பாக்ஸ் அளவுக்கு ஏதோ இருந்தது. அதன்மேல் நன்னாரி நிறம். பிறகு ஊர் பார்க்க வெறும் அறையைத் திறந்தார். உள்ளேயிருந்து அடித்த அனலில் முன்வரிசை பின்வாங்கியது. தரையில் சாக்கு போர்த்திய ஒரு மேடு தெரிந்தது. சாக்கை விலக்கினால் மரத்தூள். மரத்தூளை விலக்கினால், காலையில் வைத்த ஐஸ், ஓரம்கூடச் சரியாக மழுங்காமல், தலையணை மாதிரி படுத்திருந்தது.

“வெறும் ரூம் ஜெயிச்சுட்டுவே!” என்று யாரோ கத்தினார். விசில் பறந்தது.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. “சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?” என்று ஓவர்சியரைப் பார்த்துக் கத்தினேன். “மரத்தூளப் போட்டு மூடி வச்சு ஜெயிக்கணுமா? இது என்ன யோக்கியம்?”

விசில் நின்றுவிட்டது. ஓவர்சியர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். “சர்வீஸ்ல என்னய எத்தனையோ பேரு எத்தனையோ சொல்லிருக்காவம்மா,” என்றார். “கள்ளன்னு ஒருத்தரும் சொன்னதில்ல.” அந்த நேரத்தில்கூட நான் நம்பவில்லை. தோற்றுப்போகிறவளுக்கு எதிரில் இருப்பவர்கள் எல்லாரும் களவாணியாகத்தான் தெரிவார்கள்.

அப்போது வாசலில் டெம்போ வந்து நின்றது. ரோசம்மாள் இறங்கி நேராகக் கூட்டத்துக்குள் வந்தார். “என் சாக்க எடுக்க வந்தேன். ரெண்டு சாக்கு இங்கன கெடக்கணுமே?”

“நீங்களா மூடுனிய?” என்றேன்.

“பின்ன? இந்தக் காந்தலுக்குள்ள வெறுந்தரையில ஐஸப் போட்டுட்டு எப்படிப் போவ? எனக்கு மனசு கேக்கல. வண்டில மரத்தூளு எப்பவும் கெடக்கும்.”

“அப்போ அந்த ரூம்ல ஏன் மூடல?”

ரோசம்மாள் என்னை வினோதமாகப் பார்த்தார். “அங்கன நீங்கதான் செவுரு பூரா மெத்தை ஒட்டி வச்சிருக்கியளே. அதுக்கு மேல எதுக்கு?”

ஊர் சிரித்தது. முதலில் தாளாளர் சிரித்தார், பிறகு இசக்கியே சிரித்துவிட்டார். ஓவர்சியர் மட்டும் சிரிக்கவில்லை. நான் போட்ட சத்தம் அத்தனை பேர் காதிலும் விழுந்திருந்தது. அவர் பக்கத்தில் போய்ப் பைய மன்னிப்புக் கேட்டால் கணக்குச் சரியாகாது என்று தோன்றியது. மைக்குக்குப் போனேன். “ஓவர்சியர் அண்ணாச்சி மேல நான் சொன்னது தப்பு,” என்றேன். மைக் கீ என்று அலறியதில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். மறுபடி அலறியது. மூன்றாவது முறை இசக்கி ஒயரை அழுத்திப் பிடித்துக்கொள்ள, ஆற்றங்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி மன்னிப்புக் கேட்டேன். “போதும்மா, போதும்மா, எதுத்த கரையில எங்க சம்பந்தி வீடு இருக்கு,” என்று ஓவர்சியரே ஓடி வந்து நிறுத்தினார்.

இதற்குப் பிறகு வந்ததுதான் உண்மையான நெருக்கடி. தாளாளர் மரத்தூளைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இதயே எட்டு ரூம் கூரையிலயும் கொட்டிரலாமே?” என்றார்.

“மழ பேஞ்சா ஊறி அழுகிரும் அண்ணாச்சி. கரையான் வரும், எலி வரும். ஒரு பீடித்துண்டு விழுந்தா கூரையே எரியும்.”

“உங்க பலகைக்கு அப்படி ஒரு குறையும் வராதோ?”

கம்பெனி கொடுத்த வண்ணக் காகிதத்தில் அதன் குறை என்று எதுவும் அச்சடித்திருக்கவில்லை. மேலே மெல்லிசாக ஒரு பூச்சு அடித்தால் போதும் என்றுதான் இருந்தது. ஆனால் பந்து எடுக்கப் பிள்ளைகள் ஏறுகிற, வத்தல் காயப்போட ஆயாக்கள் ஏறுகிற பள்ளிக்கூட மாடியில் அந்தப் பூச்சு ஒரு வருஷம் தாங்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நாலு நாளாக வாய் திறக்கவில்லை. காலையில் இருந்த நானாக இருந்தால் அப்போதும் திறந்திருக்கமாட்டேன். ஒரே நாளில் இவ்வளவு அவமானப்பட்ட பிறகு இன்னும் கொஞ்சம் படுவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

“வரும் அண்ணாச்சி,” என்றேன். “நேரா வெயில் பட்டா நாளாவட்டத்துல பொடிஞ்சிரும். மேல கெட்டியா ஒரு மூடாக்கு வேணும். நாங்க குடுக்குத பூச்சு இந்த மாடிக்குப் பத்தாது.”

இசக்கி கண்ணை மூடிக்கொண்டார். தாளாளர் யோசித்தார். பேசியது ஓவர்சியர்தான்.

“அப்போ மேல தட்டோடு போட்டாப் போச்சு,” என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது போல இருந்தது. மடமடவென்று சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக் கோடு போட்டார். “அடியில இந்தம்மா கேக்கு. அதுக்கு மேல கலவ. ஜல்லி போட்டு இடிச்சா கேக்கு நசுங்கும், அதனால அது வேண்டாம். மேல தட்டோடு. எப்படி அத்தான் என் யோசன?”

பலகையும் ஓடும் சேர்த்துப் போடுவது அவருக்கு முன்னால் எத்தனையோ பேர் செய்ததுதான். என் பையில் இருந்த புத்தகத்திலேயே படம் இருந்தது. நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். “அருமையான யோசன அண்ணாச்சி,” என்றேன். அதில் பொய்யும் இல்லை. அந்த மைதானத்தில், அந்தக் கூட்டத்தில், அதை அவர் சொல்ல வேண்டியிருந்தது. நான் சொல்லியிருந்தால் வேலையும் கிடைத்திருக்காது, தட்டோடும் நேராக உட்கார்ந்திருக்காது. தான் கண்டுபிடித்த கூரை என்பதால் வேலை முடிகிறவரை தினமும் காலையில் குடையோடு மாடியில் வந்து நின்றார். ஓர் ஓடு கோணலாக இருந்தாலும் பெயர்த்து வைக்கச் சொன்னார்.

காலாண்டுப் பரீட்சைக்கு முன்பே எட்டு வகுப்பறைகளும் முடிந்தன. திருநெல்வேலி அலுவலகமும் பிழைத்தது. அடுத்த பங்குனியில் தாளாளரிடமிருந்து போன்.

“பெரிய பிரச்சின ஆயிட்டும்மா. போன்ல சொல்லுத மாதிரி இல்ல. மத்தியானம் ரெண்டு மணிக்கு வாங்க, கண்ணாலயே பாத்துருங்க.”

ஒழுகுகிறது என்று நினைத்தேன். பலகை நகர்ந்துவிட்டதோ என்றார் இசக்கி. இருவரும் பஸ் ஏறினோம். பள்ளி வாசலில் தாளாளரும் ஓவர்சியரும் காத்திருந்தார்கள். தாளாளர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். எங்களையும் கழற்றச் சொன்னார். நாலு பேரும் கோயிலுக்குள் போகிற மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தோம். எட்டாம் வகுப்பின் ஜன்னல் பக்கம் நின்று உள்ளே கை காட்டினார்.

நாற்பது பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மேஜைமேல் கன்னத்தை வைத்து, வாயைப் பிளந்து, சிலர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து. கணக்கு வாத்தியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கையில் சாக்பீஸ் அப்படியே இருந்தது.

“எட்டு ரூம்லயும் இதே கததான்,” என்று தாளாளர் என் காதில் கிசுகிசுத்தார். “பழைய கட்டடத்துல வெக்கைக்கு ஒருத்தனும் கண் அசர மாட்டான். மயங்கி விழுந்தாத்தான் உண்டு. கொஞ்சூண்டு சூடாக்க வழி இருக்காம்மா?”

“ரெண்டு மூணு பலகைய உருவிப் பாப்பமா அக்கா?” என்றார் இசக்கி, அதே கிசுகிசுப்பில்.

“உருவுனா என் தட்டோடுல்லா பேந்துரும்!” என்று ஓவர்சியர் உறுமினார்.

கட்டடம் அதிர்ந்தது. நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்து, கண்ணைத் திறக்காமலேயே, “வணக்கம் ஐயா” என்று பாட்டாகப் பாடினார்கள். வாத்தியார் விருட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பி, “ஆகவே, எக்ஸின் மதிப்பு…” என்று எழுதத் தொடங்கினார். பக்கத்து வகுப்பிலிருந்தும் ஒரு வணக்கம் வந்தது. அதற்கடுத்த வகுப்பிலிருந்தும் வந்தது.

தாளாளர் மைத்துனரை ஏற இறங்கப் பார்த்தார். “மாப்ள, உமக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு வேற ஏதும் சோலி உண்டா?”

அன்றிலிருந்து தினமும் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் ஓவர்சியர் அந்த வராந்தாவில் ஒரு நடை நடந்து, கூரையைப் பார்த்து ஏதாவது ஒன்றை உரக்கத் திட்டிவிட்டுப் போவார் என்று ஏற்பாடாயிற்று. வேலை முடிந்த இடங்களைப் பற்றி மதுரைக்கு அனுப்பும் படிவத்தில், வாடிக்கையாளர் சொன்ன குறை என்று ஒரு கட்டம் இருக்கும். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு ‘வாத்தியார் உள்பட அனைவரும் தூங்கிவிடுகிறார்கள்’ என்று எழுதினேன். அதற்குக் கீழே, எடுத்த நடவடிக்கை என்ற கட்டத்தில் ‘ஓவர்சியர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.